அட்டமி நவமியில் கடலுக்கு வெளிக்கிடுங்கள்: சோலன்டில் ஒரு பாய்மரக் கோடை

எங்கள் குசினிச் சுவரில் தமிழ்க் கடைக்காரர் வருடா வருடம் தரும் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. அம்மா அதில் அட்டமி, நவமியைத் தேடுவது அன்றைக்கு எதையும் தொடங்காமல் இருக்க. நான் தேடுவது அன்றைக்குப் படகெடுக்க. இந்த ஒரு விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துப்போனதே இல்லை. ஏன் அந்த நாட்கள் என்பதைக் கீழே சொல்கிறேன். முழுக் கட்டுரையையும் வாசிக்க நேரமில்லாதவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது வாசியுங்கள்.

இது தென் இங்கிலாந்தில், அல்லது லண்டனில் இருந்துகொண்டு, ஒரு கோடையாவது குடும்பத்தோடும் நண்பர்களோடும் பாய்மரப் படகில் கரையோரமாகத் திரிய ஆசைப்படும் புதியவர்களுக்கு எழுதியது. இடம் சோலன்ட். இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே ஏறத்தாழ 20 மைல் நீளத்துக்குக் கிடக்கும் நீரிணை. தீவு பெருங்கடல் அலையை மறித்துவிடும். சில மைலுக்கு ஒரு துறைமுகம் இருக்கிறது. ஹாம்பிள் ஆற்றில் வாடகைப் படகுகளுக்குக் குறைவில்லை. ஆளை அலைக்கழிப்பது நீரோட்டம் ஒன்றுதான்.

முதலில்: படகு வாங்காதீர்கள்

ஆசை வந்ததும் பலர் செய்வது விற்பனை விளம்பரம் பார்ப்பது. வேண்டாம். முதல் கோடையில் மற்றவரின் படகில் போங்கள்.

பிரித்தானியாவில் சொந்த உல்லாசத்துக்குச் சிறு படகு ஓட்டச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. காருக்கு வேண்டும், படகுக்கு வேண்டாம் என்றால் நம்ப மறுப்பார்கள், உண்மை அதுதான். ஆனால் வாடகைக்குப் படகு தருபவர்கள் சும்மா சாவியைக் கொடுக்கமாட்டார்கள். வழக்கமாக ஆர்.வை.ஏ. என்னும் தேசியப் படகோட்டச் சங்கத்தின் 'டே ஸ்கிப்பர்' சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு முந்திய படி 'காம்பிடென்ட் குரூ' என்ற ஐந்து நாள் பயிற்சி. முன் அனுபவம் எதுவும் வேண்டாம், படகிலேயே படுத்தெழும்பிப் பழகுவது.

குடும்பத்தில் இரண்டு பேராவது இந்த ஐந்து நாளைச் செய்யுங்கள். ஒருவர் மட்டும் பழகினால் கோடை முழுக்க அவர் கத்துவார், மற்றவர்கள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் பழகியது நான். இப்போது நன்றாக ஓட்டுவது மனைவி. அதன்பிறகு படகில் சத்தம் குறைந்துவிட்டது.

பயிற்சிக்கும் நேரமில்லையென்றால் படகோட்டியோடு சேர்த்து வாடகைக்கு எடுக்கலாம். செலவு கூடும். ஆனால் அந்த ஆள் பக்கத்தில் நின்று சுக்கானை உங்கள் கையில் தருவார். ஒரு வார இறுதியில் நிறையப் பழகலாம்.

யாரைக் கூட்டிப் போவது

30 அடிப் படகில் ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். நான்கு பேர் என்று படியுங்கள். இரண்டு குடும்பம் சேர்ந்தால் 36, 38 அடிப் படகு எடுங்கள். திட்டத்தைப் படகில் மிகப் பயப்படும் ஆளின் அளவுக்குப் போடுங்கள். அது பெரும்பாலும் பிள்ளைகளாக இருக்காது, யாராவது ஒரு மச்சானாக இருப்பார். ஒரே மூச்சில் மூன்று மணி நேர ஓட்டம் போதும். நாலாவது மணியில் 'இன்னும் எவ்வளவு தூரம்' என்ற கேள்வி தொடங்கிவிடும்.

எந்த நாள்: நாட்காட்டியைக் கையில் எடுங்கள்

சோலன்டில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வித்தியாசம் பெரியது. போர்ட்ஸ்மவுத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏறத்தாழ 4 மீட்டர். அரைநிலாவை ஒட்டிய நாட்களில் அதில் பாதி. ஒரு மாடி உயரத்துக்கு மேல் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் வரவோ போகவோ வேண்டுமானால் அது ஓடித்தான் ஆகவேண்டும். தீவின் மேற்கு முனையில், ஹர்ஸ்ட் கோட்டைக்குப் பக்கத்து இடுக்கில், அமாவாசை, பௌர்ணமியை அடுத்து வரும் பெருநீர் நாட்களில் ஓட்டம் 4 நொட்டைத் தாண்டும். ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்.

சாதாரண வாடகைப் படகின் வேகம் 5 நொட். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீரோட்டம் 3 நொட் கூட வந்தால் 8 கடல்மைலை ஒரு மணி நேரத்தில் கடக்கலாம். எதிரே வந்தால் அதே தூரத்துக்கு நாலு மணி நேரம். பாய் புடைத்திருக்கும், தண்ணீர் இரண்டு பக்கமும் சீறிப் பாயும், கரையில் உள்ள வீடு மட்டும் அசையாமல் அங்கேயே நிற்கும்.

இன்னொன்று, காற்றின் பக்கம். கோடையில் இங்கே அதிகம் வீசுவது தென்மேற்குக் காற்று. ஊரில் சோழகம், கச்சான் என்று சொல்லும் பக்கம். வெயில் நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்றும் சேர்ந்து வலுக்கும். மேற்கு சோலன்டில் நீர் வற்றும்போது ஓட்டம் மேற்கே போகும், பெருகும்போது கிழக்கே வரும். மேற்கே ஓடும் நீரும் மேற்கிலிருந்து வரும் காற்றும் முட்டிக்கொண்டால் குட்டையான, செங்குத்தான அலை எழும்பும். சாப்பிட்டதெல்லாம் வெளியே வருவது அங்கேதான்.

இனி நாட்காட்டி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இரண்டொரு நாள் கழித்து வருவது பெருநீர். அந்த நாட்களில் போர்ட்ஸ்மவுத்தில் உயர்நீர் எப்போதுமே மத்தியானத்தை ஒட்டித்தான் வரும். மேற்கு சோலன்டில் ஓட்டம் மேற்கே திரும்புவது அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால். ஆக, காற்று வலுக்கும் பின்னேரம் முழுவதும் காற்றும் நீரும் சண்டை.

அட்டமி கழிந்து நவமி, தசமியில் எல்லாம் தலைகீழ். உயர்நீர் காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் வரும். ஓட்டம் மெல்லியது. அதுவும் காலையில், காற்று விழிக்கும் முன்பு, உங்களை மேற்கே கொண்டுபோய் விடும். மத்தியானத்துக்குப் பிறகு காற்றும் நீரும் சேர்ந்து முதுகைத் தள்ளித் திருப்பிக் கொண்டுவரும். இதைவிடப் பிள்ளைகளுக்கு ஏற்ற நாள் கிடையாது. அம்மாவிடம் இதைப் படம் போட்டு விளக்கினேன். "அப்ப தசமியிலயே போங்கோவன்" என்றார். தசமியும் நல்லதுதான்.

பெருநீர் நாட்களை வேடிக்கை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். நடு சோலன்டில் பிராம்பிள் என்ற மணல்திட்டு இருக்கிறது. வருடத்தில் மிகத் தாழ்ந்த வற்றில் அது ஒரு சொற்ப நேரம் வெளியே தலைகாட்டும்; இரண்டு படகுக் கழகத்தார் அதில் இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள், நீர் ஏற ஏற ஓடிவந்து படகில் ஏறுவார்கள். 2008 நவம்பரில் குயீன் எலிசபெத் 2 கப்பலே இந்தத் திட்டில் தரைதட்டியது.

அந்த ஒரு மணி நேரம்

நீர்மட்ட அட்டவணையைத் திறந்ததும் முதலில் பக்கத்தின் தலைப்பைப் பாருங்கள். பல அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் அதோடு ஒரு மணி நேரம் கூட்டவேண்டும். சில கையேடுகள் ஏற்கனவே கூட்டித் தந்திருக்கும்.

நான் கூட்டாமல் விட்ட நாள் உண்டு. பியூலி ஆற்றுக்குள் போய் இரவு நிற்பதாகத் திட்டம். பக்ளர்ஸ் ஹார்ட் என்ற பழைய கப்பல் கட்டும் ஊர் அந்த ஆற்றில்தான் இருக்கிறது. கடற்படைத் தளபதி நெல்சன் ஓட்டிய அகமெம்னன் கப்பல் 1781-ல் அங்கே கடலில் இறங்கியது. அழகான இடம், ஆனால் ஆற்று வாயில் ஆழம் குறைவு. அட்டவணையில் தாழ்நீர் ஐந்து மணி. நாங்கள் வாயிலுக்குப் போனது ஆறரைக்கு. ஒன்றரை மணி நேரம் ஏறியிருக்க வேண்டிய நீர் உண்மையில் அரை மணி நேரமே ஏறியிருந்தது. படகு சேற்றில் மெத்தென்று உட்கார்ந்தது. நண்பரின் மனைவி பின்னாலிருந்து அமைதியாகக் கேட்டார்: "அண்ணை, இதுதானோ நாங்கள் நிக்கிற இடம்?"

ஏறும் நீரில் தட்டியதால் ஆபத்தில்லை. காத்திருந்தால் தானாக மிதக்கும். ஆனால் சோலன்டில் நீர் ஒரே சீராக ஏறாது. தாழ்நீருக்குப் பிறகு கொஞ்சம் ஏறி, நடுவில் நின்று யோசித்து, பிறகு மளமளவென்று ஏறும். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் சரிந்த மேசையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம். மணிக்கு மணி நீர் எவ்வளவு ஏறும் என்று கணக்கிடப் பாடப்புத்தகத்தில் வரும் 'பன்னிரண்டில் ஒரு பங்கு' சூத்திரத்தை இங்கே நம்பவேண்டாம். இந்த நீரிணைக்கென்று வரைந்த வளைகோட்டைப் பாருங்கள். இறங்கும் நீரில் ஒருபோதும் சந்தேகமான இடத்துக்குள் நுழையாதீர்கள்.

காற்று முன்னறிவிப்பு

தொலைபேசியில் உள்ள வெயில்-மழைப் படத்தைப் பார்த்துப் போகக் கூடாது. பிரித்தானிய வானிலை நிலையம் கரையோரக் கடலுக்கென்று தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. சோலன்ட் வருவது 'செல்சி பில் முதல் லைம் ரீஜிஸ் வரை' என்ற பகுதியில். காற்றின் வலு போஃபோர்ட் எண்ணில் வரும்.

எண் 3, 4 என்றால் போங்கள். 4 என்பது 11 முதல் 16 நொட். 5 என்றால் பெரியவர்கள் மட்டும், பாயைச் சுருக்கிக்கொண்டு. 6 என்றால் துறைமுகத்தில் இருந்து கடதாசி விளையாடுங்கள். வாடகைக்குக் காசு கட்டியாயிற்றே என்ற நினைப்புத்தான் கடலில் ஆட்களை மாட்டவைப்பது. வைட் தீவின் கௌஸ் ஊரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டே ஒரு சனிக்கிழமையைக் கழித்திருக்கிறோம். பிள்ளைகள் அதைத்தான் நல்ல பயணம் என்கிறார்கள்.

உடுப்பும் சாப்பாடும்

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஓகஸ்டிலும் கடல் நீர் 17, 18 பாகைதான். அதன் மேலாக வரும் காற்றும் குளிர். மெல்லிய உடுப்புகளை அடுக்கடுக்காகப் போடுங்கள், மேலே காற்றுப் புகாத ஒன்று. கரிய அடித்தடம் விடாத சப்பாத்து. பெட்டி கொண்டுவராதீர்கள், மடிக்கக்கூடிய துணிப்பை கொண்டுவாருங்கள். சில்லு வைத்த பெட்டியைப் படகில் வைக்க இடமே இல்லை.

சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு போங்கள். றொட்டியும் கட்டிச் சம்பலும், அவித்த முட்டை, முதல் நாள் வைத்த இறைச்சிக் கறி. ஓடும் படகில் எண்ணெய்ச் சட்டி வைப்பது கூடவே கூடாது. எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் வெளியே போகாமல் படகின் அடிவயிற்றில் தேங்கும். சமைத்து முடிந்ததும் சிலிண்டரிலேயே பூட்டுங்கள்.

குமட்டலுக்கு: மாத்திரையை முதல் நாள் இரவே போடவேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. இஞ்சித் தேத்தண்ணி சிலருக்கு உதவும். கீழ் அறைக்குள் போகாமல் மேலே இருந்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் விடச் சிறந்த மருந்து சுக்கானை அவர் கையில் கொடுப்பது. எந்தப் பக்கம் குனிய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: காற்று போகும் பக்கம்.

கட்டவிழ்க்கும் முன் இருபது நிமிடம்

தேத்தண்ணி கொடுத்து எல்லோரையும் உட்கார வையுங்கள். உயிர்காப்புச் சட்டையை ஒவ்வொருவருக்கும் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளுடையது எடைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். தொடைக்கு நடுவே வரும் பட்டியை மாட்டாவிட்டால் தண்ணீரில் சட்டை மேலே போகும், பிள்ளை கீழே போகும். வாடகைக்காரரிடம் பிள்ளைச் சட்டை இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

தலைக்கு மேலே ஆடும் கட்டையைக் காட்டுங்கள். பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூம். படகு திரும்பும்போது அது மண்டை உயரத்தில் வீசிவரும். பின்காற்றில் ஓடும்போது இன்னும் வேகமாக வரும்.

கழிவறையைப் பற்றிக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வாயால் போய் வராத எதுவும் அதற்குள் போகக் கூடாது. அடைத்தால் பிரிப்பது நீங்கள்தான்.

அடுத்தது பலர் விட்டுவிடுவது. படகோட்டி நீங்கள். விழுந்தது நீங்களே என்றால்? இன்னொருவருக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்கவேண்டும்: இயந்திரத்தை இயக்குவது, பாயை இறக்குவது, வானொலியில் உதவி கேட்பது. வானொலிக்குச் சிவப்பு மூடிக்குள் ஒரு பொத்தான் உண்டு. அதைத் திறந்து அழுத்திப் பிடித்து, பிறகு 16-ஆம் அலைவரிசையில் 'மேடே' என்று சொல்லி, படகின் பெயர், இடம், என்ன நடந்தது, எத்தனை பேர் என்று பேசவேண்டும். சாதாரண நாளில் வானொலி பேச அனுமதிச் சான்று தேவை. ஆபத்தில் யாரும் பேசலாம். இதை ஒரு அட்டையில் எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

யாராவது விழுந்தால் ஒருவர் விரலை நீட்டி அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வேறெதுவும் செய்யக் கூடாது. குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் சில நிமிடம் மூச்சு அவர் சொல்லுக் கேட்காது. நீந்த முயலாமல் மல்லாந்து மிதக்கவேண்டும்.

ஓட்டம்

காற்றின் முகத்தில் படகை வைத்துப் பெரிய பாயை ஏற்றுங்கள். பிறகு சற்றுத் திரும்பி முன்பாயை விரியுங்கள். இயந்திரத்தை நிறுத்தும் அந்தக் கணம் ஒரு அமைதி வரும். முதன்முறை வருபவர்களின் முகத்தை அப்போது பாருங்கள். காற்றுக்கு நேரெதிரே எந்தப் பாய்ப் படகும் போகாது. குறுக்கும் மறுக்குமாகத் திரும்பித் திரும்பித்தான் ஏறவேண்டும். படகு சரியும். கீழே கனத்த அடிக்கட்டை இருப்பதால் கவிழாது என்பதை மச்சானுக்கு மூன்று தரம் சொல்லுங்கள். பாயைச் சுருக்கலாமோ என்று நினைப்பு வந்த உடனே சுருக்குங்கள்.

பிள்ளைகளுக்கு மிதவை தேடும் வேலை கொடுங்கள். துறைமுகத்துக்குள் போகும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். கடல் வரைபடத்தில் உள்ள பெயரை மிதவையில் வாசித்துச் சொன்னால் ஒரு இனிப்பு. நாங்கள் பெரியவர்கள் தவறவிட்ட இரண்டு மிதவைகளை மகள் பிடித்திருக்கிறாள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போய்ச் சேர்ந்த கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். தீவின் மேற்குப் பக்கத்து யார்மத் வரை போவதற்கே இத்தனை இனிப்பா என்று மனைவி கேட்பார்.

சவுத்தாம்ப்டனுக்குப் போகும் கொள்கலன் கப்பல்கள் சிலவற்றின் நீளம் 400 மீட்டர். 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல் வரும்போது அதன் முன்னால் 1000 மீட்டருக்கும், இரு பக்கமும் 100 மீட்டருக்கும் நீங்கள் இருக்கக் கூடாது. இது இங்குள்ள சட்டம். பாய்ப் படகுக்கு வழிவிட வேண்டும் என்ற பொது விதியை நம்பி நிற்காதீர்கள். 12-ஆம் அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தக் கப்பல் எப்போது வருகிறது என்று தெரியும். ஐந்து குட்டை ஊதல் கேட்டால் அது உங்களைப் பார்த்துத்தான்.

ஒரு நவமி வார இறுதி

வெள்ளி மாலை ஹாம்பிளில் படகைப் பொறுப்பெடுத்து அங்கேயே படுங்கள். இரவில் வெளிக்கிட வேண்டாம். சனி காலை ஆறுதலாக ஓஸ்போர்ன் குடாவுக்கு. விக்டோரியா ராணியின் மாளிகைக்குக் கீழே உள்ள குடா, தென்மேற்குக் காற்றுக்கு நல்ல மறைப்பு. நங்கூரத்துக்குச் சங்கிலியை, அன்று வரப்போகும் அதிக ஆழத்தின் நாலு மடங்காவது விடுங்கள். சங்கிலி ஓடும்போது விரல் பக்கத்தில் போகக் கூடாது. மத்தியானச் சாப்பாடு அங்கே. மாலை கௌஸ். ஓகஸ்ட் தொடக்கத்தில் என்றால் கௌஸ் வாரப் போட்டிகள் நடக்கும். 1826 முதல் நடப்பது. பார்க்க அழகு, படகு கட்ட இடம் கிடைக்காது.

ஞாயிறு ஏழரைக்குக் கட்டவிழுங்கள். பிள்ளைகள் தூங்கட்டும். இறங்கும் நீர் உங்களை மேற்கே கொண்டுபோகும். காலைக் காற்று மெல்லியதென்றால் இயந்திரத்தைப் போட வெட்கப்படவேண்டாம். பத்தரைக்கு யார்மத். எட்டாம் ஹென்றியின் சின்னக் கோட்டை, கடலுக்குள் நீளும் மரத்தாலான பாலம், பொரித்த மீன். கோடை வார இறுதியில் துறைமுகம் நிரம்பிவிடும், போகும் வழியிலேயே கேட்டுவையுங்கள். ஒரு மணிக்கு வெளிக்கிட்டால் காற்றும் நீரும் பின்னால். 14 மைல் தூரம் ஹாம்பிள் நாலு மணிக்குள் வந்துவிடும்.

கரையில் அணையும்போது யாரும் பாயக் கூடாது. இறங்க முடியாத தூரம் என்றால் படகை இன்னொரு தரம் சுற்றிக் கொண்டுவாருங்கள். படகு சுவரில் முட்டப் போகிறது என்றால் காலைக் கொடுக்காதீர்கள், படகின் பக்கத்தில் தொங்கும் காற்றுப் பந்தைக் கொடுங்கள். பக்கத்துப் படகுக்காரர் கயிறு பிடிக்க எழுந்து வருவார். இங்கே அது வழக்கம், அடுத்த படகு வரும்போது நீங்கள் எழும்பவேண்டும்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் டீசல் நிரப்புங்கள். கீழ் அறையின் எல்லா மெத்தையையும் தூக்கிப் பாருங்கள். எங்கள் கணக்கில் இதுவரை அங்கே கிடைத்தவை: ஒரு பிள்ளையின் சப்பாத்து, மச்சானின் பல் செட், ஒரு முழுச் சரை கட்டிச் சம்பல்.